சன்னலோரம் உக்கார வச்சிருக்காக

இல்ல தம்பி, சும்மாதான் கேட்டேன். அந்தக் குக்கர் பெட்டில கிசாரான்னு போட்டிருக்குல்ல, அதான். தேனில கல்யாணமா? நல்ல சாமான்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராதீக. பேரு மட்டுந்தான் இப்ப கிசாரா. குக்கரு, டிவி, வாசிங் மெசினு எல்லாத்தயும் சீனாக்காரககிட்ட வித்துட்டாக. பேரயும் சேத்துக் குடுத்துட்டாக. ஜப்பான்ல இருக்குற கம்பெனி இப்ப காருக்குப் பேட்டரிதான் செய்யுது.

எனக்கு எப்பிடித் தெரியுமாவா? எம் மகன் திலீபன் அந்தக் கம்பெனிலதான இருக்கான், ஒசாகாவுக்குப் பக்கத்துல. டிவி எஞ்சினியரு. நான் கூடலூருல திராட்சத் தோட்டம் வச்சிருக்கேன். கம்பெனி கத பூராம் அவன் சொன்னதுதான். மொதலாளி சைக்கிள் டைனமோ செஞ்சுதான் தொடங்குனாராம். கம்பி சுத்திக் குடுக்குறது அவரு சம்சாரமாம். யுத்தம் முடிஞ்சு ஊரே கரிக்கட்டையாக் கெடந்தப்ப ரேடியோவுல எறங்கியிருக்காக. பெறகு குக்கரு, டிவி, மலேசியால பேக்டரி, அமெரிக்காவுல பேக்டரி. கொரியாக்காரக வந்து வெலயக் கொறைக்கவும் இவுக படுத்துட்டாக. சிரிக்காதீக தம்பி, கேட்டா இன்னும் சொல்லுவேன்.

முன்னெல்லாம் அவன் இப்பிடிப் பேச மாட்டான். மாசத்துக்கு ஒருக்கா போன் வரும். சாப்டியாப்பா, மாத்தர போட்டியாம்பான், வச்சுருவான். அவுக ஆத்தா போன பெறகு வீட்ல நான் ஒத்த ஆளு. சத்தம் கேக்கட்டும்னு டிவியப் போட்டு விட்டுட்டுச் சோறு திம்பேன். ஒரு வார்த்த பேசாமப் பொழுது போன நாளெல்லாம் உண்டு.

போன சித்திரைக்குப் பெறகு அவனே கூப்புட ஆரம்பிச்சான். எடத்த மாத்திட்டாகப்பா, சன்னலோரம் உக்கார வச்சிருக்காகன்னான். எனக்கு நெலகொள்ளல. நம்ம பஸ்ஸுல சன்னலோரத்துக்கே என்னா அடிபுடி. அம்புட்டுப் பெரிய கம்பெனில சன்னலோரம்னா, பெரிய ஆபீசராக்கிட்டாகன்னு நெனச்சுக்கிட்டேன். டீக்கடைல இருந்தவுகளுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கிக் குடுத்து, அதயும் அவன்கிட்டச் சொன்னேன். எத்தன பேருக்குப்பா வாங்கிக் குடுத்தன்னு கேட்டான். பெறகு, ஆமாப்பா, இங்கருந்து பாத்தா மல தெரியுதுப்பான்னான்.

அன்னைலருந்து தெனம் போன். அங்கன மத்தியானம், இங்கன காலைல நான் திராட்சப் பந்தலுக்கடியில நிப்பேன். மணிக்கணக்காப் பேசுவான். ஆபீஸ் நேரத்துல பேசுறியே, வைய மாட்டாகளாடான்னு கேட்டா, மாட்டாகப்பாம்பான். அந்தப் போனுக்காகவே நான் வெள்ளன எந்திரிச்சு வேலய முடிச்சு வச்சிருவேன். நாம் பெத்த புள்ளய இப்பத்தான் தம்பி எனக்குத் தெரியுது.

பொங்கலுக்கு எங்க தெரு வினோத்ராஜ் வந்திருந்தான். மெட்ராஸ்ல ஒரு ஜப்பான் கம்பெனில இருக்கான். நான் பெரும பேசுனத எல்லாரோடயும் சேந்து கேட்டான். பெறகு தோட்டத்துக்குத் தனியா வந்து, பெரியப்பா, சன்னலோரம்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீகன்னான். அங்கன செல கம்பெனில, வேலய விட்டுப் போன்னு வாயால சொல்ல மாட்டாகளாம். ஓரமா சன்னல் பக்கம் ஒரு மேசயப் போட்டு, ஒரு வேலயும் குடுக்காம உக்கார வச்சிருவாகளாம். சம்பளம் மட்டும் வருமாம். ஒருத்தரும் மொகங்குடுத்துப் பேச மாட்டாகளாம். அவனா வெக்கப்பட்டு எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும்னு. டிவியவே வித்துட்டாக, டிவி எஞ்சினியர வச்சு என்ன செய்வாக?

எனக்குத் தெரியும்னு திலீபனுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கிறல. நேத்துக்கூட அந்த மொதலாளி கதய மறுபடி சொன்னான். புதுசாக் கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டேன். பேச ஆளில்லாம உக்காந்திருக்கான் எம் புள்ள.

அந்தா வீரபாண்டி வந்துருச்சு, கொஞ்சம் வழி விடுங்க, எறங்கணும். கோயிலுக்குத்தான். அவனுக்கு வேற நல்ல வேல கெடைக்கணும்னு மாரியாத்தாகிட்டக் கேக்கலாம்னு செவ்வாய்க்குச் செவ்வாய் வாறேன். ஆனா ஆத்தா முன்னாடி போயி நின்னா வாய் வர மாட்டேங்குது. வேல கெடச்சுட்டா போன் வராதுல்ல தம்பி. போன வாரமும் மழ பெய்யணும்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பிட்டேன்.