லிஃப்ட் மோட்டார் அறையில் கேட்ட சிங்கச் சத்தம் தொடர்பாக

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. வயது முப்பத்து மூன்று. தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. இதில் எனக்குப் பதினொரு வருட அனுபவம். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் என்னை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் முடிந்து பெயர் போட்ட இனிப்புப் பெட்டி கொடுத்தபோது, "ஓ, இதான் உங்க பேரா?" என்று கேட்டவர்கள் உண்டு. எட்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் மனைவியுடன் வசிக்கிறேன். கல்யாணமாகி இன்றோடு நாற்பத்தொரு நாள். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்துக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஆய்வாளர் அம்மா விசாரிக்க, எழுத்தர் ஐயா எழுத, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தில் சிங்கம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

என் மனைவி கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்க்கிறாள். அவளுடைய பத்தாவது வயதில் அவள் அப்பாவின் டயர் கடைக்கு ஒரு நாட்காட்டி வந்தது. அதில் ஜூலை மாதத் தாளில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று புல்வெளியில் தன் பாட்டுக்கு நடந்து போகிற படம் இருந்தது. ஆகஸ்ட் பிறந்த பிறகும் அந்தத் தாளைக் கிழிக்க அவள் விடவில்லை. டயர் கடையில் அந்த வருடம் முழுக்க ஜூலைதான். அந்தத் தாள் இப்போது எங்கள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது.

அவள் மூன்று பிள்ளைகளில் மூத்தவள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த வருடம் தம்பிக்குக் கை முறிந்தது, உடனே பெயரை எடுத்துவிட்டாள். தங்கைக்குப் பரீட்சை என்று தன் அறையை விட்டுக்கொடுத்து நான்கு வருடம் கூடத்தில் படுத்தாள். சாப்பாட்டுக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால், "உங்களுக்கு என்னவோ அதுவே" என்பாள். எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், "பரவால்ல, வேணாம்" என்று தன் ஆசையைத் துணி மாதிரி மடித்து உள்ளே வைத்துவிடுவாள். இது வழக்குக்குச் சம்பந்தமா என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். வழக்கே இதுதான் என்று நான் சொன்னேன்.

கல்யாணம் நிச்சயமான வாரத்தில், தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று அவளிடம் கேட்டேன். "எனக்கு ஒட்டகச்சிவிங்கி பாக்கணும். கூண்டுல இல்ல, அது பாட்டுக்கு நடக்குற எடத்துல" என்றாள். சொன்ன மறு நிமிடமே, "சும்மா சொன்னேன், ஆப்பிரிக்கா எல்லாம் நமக்கு எட்டாது, பரவால்ல" என்றாள். எட்டாத இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு என்று நான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கே பாதி தூரம் போய்விட்டோம்.

அதன்பிறகு மூன்று மாதம் இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கூட்டம் குவியும் மாதத்தை விட்டுவிட்டு, மழை விடுகிற மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். பெயர் பெற்ற காட்டை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் காட்டைப் பிடித்தோம். விடுதி வேண்டாம், கூடாரம் போதும் என்று முடிவு செய்து, ஜீப்பையும் சமையல்காரரையும் இன்னும் நான்கு பேருடன் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்தோம். விமானத்தில் இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும், அதற்கும் தலையாட்டினோம். கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் பதினாலு பேரோடு முடித்துக்கொண்டோம். சுவர்க் கடிகாரம் யாரும் வாங்கி வராதீர்கள் என்று சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதால், சித்தி ஆளுக்கொரு தூங்குபை கொடுத்தார், பெரிய மாமா எங்கள் இருவரையும் அழைத்துப்போய் ஆப்பிரிக்கா போகக் கட்டாயமான மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவிட்டார். கல்யாணப் பரிசாக ஊசி வாங்கிய முதல் ஜோடி நாங்களாகத்தான் இருப்போம். லென்ஸில் பூஞ்சை பிடித்த பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கி, அவளே கழற்றித் துடைத்து மாட்டினாள். அதை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிகளை, "அதோ யானை, அதோ குட்டி" என்று எனக்குக் காட்டுவாள். அந்த மாலைகளில் இருந்த அளவு சந்தோஷமாக நான் இதற்கு முன் இருந்ததில்லை.

இவ்விடத்தில் எழுத்தர் ஐயா, ஜீப்பில் ஆறு பேர் என்றால் ஜன்னல் ஓரம் எல்லோருக்கும் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று சொன்னேன். அவருடைய மகளுக்கும் தை மாதம் கல்யாணமாம். வழக்குக்குத் தேவையில்லாததை எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். சிறிது நேரம் கழித்து அவரே, அது எந்த மாதம் என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

இனிச் சொல்வது என் மனைவிக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பயண ஏற்பாட்டாளர் தொலைபேசியில் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கியபோது, பொழுது சாய்ந்த பின் கூடாரத்துக்குப் பக்கத்தில் சிங்கம் குரல் கொடுக்கும், பயப்பட வேண்டாம், ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தால் சிங்கத்துக்குக் கூடாரமும் பாறையும் ஒன்று என்றார். கேட்டு ரசிக்கும்படி ஒரு ஒலிப்பதிவும் அனுப்பினார். என் மனைவி அதைக் கேட்டுக் கைதட்டினாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். எட்டு மாடி உயரத்தில் ஒற்றைக் கையால் தொங்கி வேலை செய்பவன் நான். ஆனால் தெருவில் நாய் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

அதன்பிறகு அவள், அந்த ஏற்பாட்டாளர் கூப்பிட்டால் மட்டும் ஒலிக்கும்படி சிங்கத்தின் குரலைத் தன் கைபேசியில் வைத்துக்கொண்டாள். அது உறுமும்போதெல்லாம் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். "என்னங்க, போன் வந்தாலே பாத்ரூமுக்கு ஓடுறீங்களே, சர்க்கரை இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாமா?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தோம். சர்க்கரை இல்லை.

எனக்குப் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் அந்த நிமிடமே எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, "மலைப் பக்கம் எங்கயாவது போய்ட்டு வரலாம், பரவால்ல" என்றிருப்பாள். முகத்தில் ஒரு வருத்தமும் காட்டமாட்டாள். அந்தப் பரவாயில்லையை என் வீட்டிலும் ஒருமுறை அவள் சொல்லிவிடக் கூடாது என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை. வருகிறோமா இல்லையா என்று ஏற்பாட்டாளருக்கு இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும், தவறினால் ஜீப்பில் எங்கள் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அதற்கு முன் எப்படியாவது பயத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதன்படி இன்று மதியம் ஒன்றரை மணிக்கு, மனைவி கடையில் இருந்த நேரத்தில், மைக்செட் வாடகைக்கு விடும் என் மச்சானிடம் பாட்டுக் கேட்க வேண்டும் என்று பொய் சொல்லி, இடுப்பு உயர ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் வைத்தால் அக்கம்பக்கம் கேட்கும். மொட்டை மாடியில் வைத்தால் தெருவுக்கே கேட்கும். ஆகவே மாடிக்கு மேல் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது, சுவரும் தடிமன். அங்கே எவ்வளவு கத்தினாலும் கீழே கேட்காது என்பது என் பதினொரு வருட அனுபவம். லிஃப்ட்டை நிறுத்தி, எட்டு மாடியிலும் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்ற அட்டையை மாட்டினேன். மோட்டார் அறைக்குள், பயணத்துக்காக நாங்கள் வாங்கிய கூடாரத்தை விரித்து, உள்ளே படுத்து, ஜிப்பை மூடிக்கொண்டு, ஏற்பாட்டாளர் அனுப்பிய சிங்க ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் போட்டு, ஒலியை முழுக்கத் திருகிவிட்டு, கண்ணை மூடி, "நான் பாறை, நான் பாறை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பிழை இதுதான். அந்த அறையில் கத்தினால் கீழே கேட்காது என்பது மோட்டார் இரைந்து ஓடும்போது. இன்று மோட்டாரை நிறுத்தியதே நான்தான். இரும்புக் கயிறுகள் இறங்குவதற்காக அறையின் தரையில் துவாரங்கள் இருக்கின்றன. சத்தம் அவற்றின் வழியாக லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் மூடிய லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது. கதவில் என்னுடைய அட்டை தொங்கியிருக்கிறது.

நான்காவது மாடித் தலைமையாசிரியை அம்மா சோபாவைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, தன் பழைய மாணவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஆசி சொன்னதாகப் பிறகு அறிந்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளரை, எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் ஒட்டுவதால் நாங்கள் நோட்டீஸ் என்று சொல்வோம். அவர் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிட்டு, 'லிஃப்ட்டில் சிங்கம், படியை உபயோகிக்கவும்' என்று தரைத்தளத்தில் ஒட்டியிருக்கிறார். அந்த நோட்டீஸ் சான்றாக இணைக்கப்பட்டுள்ளது.

அதன்பிறகு தீயணைப்பு வீரர்கள் ஐந்து பேர், லிஃப்ட் ஓடாததால் வலையையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு எட்டு மாடியும் படியேறி வந்து, மோட்டார் அறைக் கதவைத் திறந்து, உள்ளே கூடாரம் இருப்பதைக் கண்டு, அதன் ஜிப்பை மெதுவாக இழுத்தார்கள். தலைக்கவசம் போட்ட ஒரு முகம் உள்ளே நுழைந்ததும் நான் அலறினேன். சிங்கத்துக்கு ஒருமுறைகூட அப்படி அலறவில்லை. அவரும் அலறினார். பிறகு அவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. ஆய்வாளர் அம்மா சொன்னபடி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன். லிஃப்ட்டில் போகக் கூடாது, படியேறித்தான் போக வேண்டும் என்பது நோட்டீஸ் போட்ட நிபந்தனை. அதற்கும் சம்மதிக்கிறேன்.

இங்கே முடித்துக்கொண்டு, என் பயத்தைப் பற்றிய பகுதியை மட்டும் ரகசியமாக வைக்க முடியுமா என்று கேட்டேன். என் அடையாள அட்டையை எடுத்து வந்த மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதியதை முழுக்க உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், அது விதி என்றார் எழுத்தர். கதவையாவது சாத்துங்கள் என்றேன். மழையில் ஊறி உப்பிப்போன அந்தக் கதவை இரண்டு வருடமாக மூடவே முடியவில்லையாம்.

வாசித்துக் காட்டிய பின் சேர்க்கப்பட்டது: எழுத்தர் ஐயா பொதுக்கூட்டத்துக்கு வாசிப்பதுபோல் வாசித்தார். மேசைக்கடியில் குனிந்த இடம் வந்தபோது வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. குளியலறை வந்தபோது மனைவி வாசலில் வந்து நின்றாள். நாட்காட்டி, பள்ளிச் சுற்றுலா, தங்கைக்குக் கொடுத்த அறை எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். கடைசி வரி முடிந்ததும் என்னைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தேன்.

அப்போது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவள் கைப்பையிலிருந்து சிங்கம் உறுமியது. காவலர்கள் இருவர் எழுந்து நின்றார்கள். ஆய்வாளர் அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தாளின் குறுக்கே ஓடும் நீளக் கோடு அந்த நேரத்தில் எழுத்தர் ஐயாவின் பேனாவால் ஏற்பட்டது, அடித்தல் திருத்தல் அல்ல. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. இதை அனைவரும் பார்த்தார்கள், பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

என் மனைவியும் பார்த்தாள். கைபேசியை எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இரண்டு பேரும் வருகிறோம், உறுதி என்று சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "பயந்தா என் கையப் பிடிச்சுக்கோங்க. பாத்ரூமுக்கு மட்டும் ஓட முடியாது, அங்க அது கூடாரத்துக்கு வெளியில இருக்கு" என்றாள். அதன்பிறகு எழுத்தர் ஐயாவிடம் திரும்பி, "சார், கடைசியா ஒரு வரி சேத்துக்கோங்க. நான் பரவால்லன்னு சொல்லல" என்றாள். அவள் சொன்னபடியே இங்கே எழுதப்பட்டது.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது, நடந்தபடியே எழுதப்பட்டது. வாசிக்கக் கேட்டேன், எனக்கு வேண்டியவளும் கேட்டாள், மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை.

ஒப்பம்: லிஃப்ட்காரர்
சாட்சி ஒப்பம்: அவர் மனைவி, கண்ணாடிக்கடை