என் குரலில் பேசிய மெஷின்

என் குரல் நன்றாக இருக்கும். போடியில் எந்த விழா என்றாலும் மைக்கை என்னிடம்தான் கொடுப்பார்கள். எங்கள் பூச்சிமருந்துக் கடைக்குச் செயற்கை நுண்ணறிவு மெஷின் வந்தபோது, சென்னை நிறுவனம் என் குரலையே அதில் ஏற்றியதும் அதனால்தான். விவசாயிகள் போனில் சந்தேகம் கேட்பார்கள். அது என்னைப் போலவே பதில் சொல்லும்.

போன வருடம் சின்ராசு என்ற விவசாயிக்கு அது தவறாகச் சொன்னது. ஏலக்காய் மூட்டையில் வண்டு விழாமலிருக்க, மாத்திரை வைத்து அறையைப் பூட்டுவோம். அதிலிருந்து வரும் விஷவாயு அடங்கப் பல நாள் ஆகும். பிறகும் காற்றாட விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷின் சொன்னது இது: "மறுநாளே உள்ளே போகலாம். ஜன்னலைத் திறக்க வேண்டாம், காயின் பச்சை மங்கிவிடும்."

பச்சை மங்கினால் விலை போகாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நம்பினான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

நுகர்வோர் ஆணையத்தில், குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் செல்லக்கிளி சாட்சி சொன்னாள். அந்தத் தவறைப் பற்றி முன்பே என்னை எச்சரித்தாளாம். எச்சரித்தது உண்மைதான். எனக்குச் சோலி அதிகம், நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை. எழுத்தில் ஆதாரம் இல்லையென்று ஆணையம் என்னை விட்டுவிட்டது. இழப்பீடு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏலக்காய் ஏலம் விடும் மையத்து வாசலில், பத்துப் பேர் நடுவில் சொன்னாள்:

"மெஷினுக்கு என்னப்பா தெரியும், பாவம். அண்ணனுக்குத் தெரியும்ல? இனிமே மெஷின்கிட்ட கேட்டாலும் கேப்பேன், இந்தாளுகிட்ட கேக்க மாட்டேன்."

சிரித்தார்கள். இருபது வருடமாக என்னிடம் மருந்து வாங்கும் சாதிக் பாட்சாவும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

நிறுவனம் மெஷினைத் திருத்தியது. கார்த்திகையில் ஒரு நாள் ஏதோ வேலைக்காக அதை நிறுத்தி, அழைப்புகளை என் போனுக்குத் திருப்பியிருந்தார்கள். காலை பத்து மணிக்குச் செல்லக்கிளி கூப்பிட்டாள்.

"பேசுறது மெஷினா, அண்ணனா? அண்ணன்னா வச்சிர்றேன்."

"மெஷின்" என்றேன்.

"நேத்துதான் மாத்திரை வச்சுப் பூட்டுனேன். சின்ராசு வச்சது இல்ல, இது புதுசு, சீக்கிரம் அடங்கும்ங்கிறாங்க. நாளைக்கு லோடு ஏத்தணும். உள்ள ஒக்காந்து காய் பிரிக்கலாமா? வெரசா சொல்லு."

சின்ராசுவுக்கு மெஷின் சொன்ன அதே வாக்கியங்களைச் சொன்னேன். ஆணையத்தில் அந்தப் பதிவைப் பலமுறை ஓட்டியதால் எனக்கு மனப்பாடம்.

"நீயாவது ஒழுங்கா பதில் சொல்றியே" என்றாள்.

மாலையில் கதவைத் திறந்தபோது, அவளும் கூலிக்கு வந்த இருளம்மாளும் குவியல் மேல் சாய்ந்து கிடந்தார்கள், உயிர் இல்லை. காய் நல்ல பச்சையாக இருந்ததாம்.

அன்று மெஷின் ஓடவே இல்லை என்று நிறுவனம் காட்டிவிட்டது. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள். ஆனால் ஐயா, அந்தப் பதில் மெஷினுடையது. அதற்கு யார் பொறுப்பு என்று பழைய தீர்ப்பிலேயே இருக்கிறது. நான் சொந்தமாகச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் அவள் கேட்டதால்தான் சொன்னேன்.