நாக்குக்காரன்

இந்தக் கதிரை போதும் சேர், முதுகுக்கு நல்ல தாங்கல். கொஞ்ச நாளாகவே எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வாக்குமூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

நான் றொட்னி. கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவன். ஒரு கந்தோரில் கிளாக்காக இருந்துகொண்டே 'நவமலை' நாவல் வரிசையை எழுதியவன். உங்கள் மகளும் வாசித்திருக்கிறாளாமே, சந்தோஷம். கடலோரத்திலிருந்து காட்டுவழியே நடந்து, வந்த வழியெல்லாம் பிணம் புதைத்து, மலைக்கு வந்து சேரும் சனங்களின் கதை. சொன்ன வேலையை முடிக்காதவனுக்கு அங்கே அரைப்பேர்தான். மந்திரவாதி அவன் பெயரில் பாதியைப் பிடுங்கிக்கொள்வான்; வீட்டுக்குப் போனால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அந்த அரைப்பேருக்காகவே என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். எங்கேயிருந்து ஐயா இதெல்லாம் தோன்றுகிறது என்பார்கள். இங்கேயிருந்துதான் என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவேன்.

உண்மையில் எல்லாம் என் மனைவி தர்ஷிகாவின் வாயிலிருந்து வந்தது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அங்கே அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம், அவ்வளவுதான். கொழுந்து குறைந்தால் போடுவார்கள். அவள் அரிசி களைந்துகொண்டே தன் பாட்டன் பூட்டன் மலைக்கு நடந்து வந்த கதையெல்லாம் சொல்வாள், நான் மந்திரவாதியைச் சேர்த்துக்கொள்வேன். நாவலில் வரும் நாக்குக்காரனும் அப்படி வந்தவன்தான். ராசாவின் பாஷை சனங்களுக்குத் தெரியாது. நடுவில் நின்று அவன் மாற்றிச் சொல்வான். வெள்ளைத் துரைக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் நடுவே நின்ற அந்தக் காலத்துக் கங்காணிக்கு வேறு சட்டை போட்டுவிட்டேன். வாசகர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு என்னவோ அவன்மேல் இரக்கம். நடுவில் நிற்கிறவன் பாடு யாருக்குத் தெரியும்?

அக்குறணையில் புத்தகக்கடை வைத்திருக்கும் ஹுஸைன் கண்டியில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். 'நவமலையின் வரலாற்று வேர்கள்' என்று தலைப்பு. வினை அங்கேதான் பிடித்தது. தானும் பேசப்போவதாகத் தர்ஷிகா சொன்னாள்.

"கதைய நீங்களே வச்சுக்கங்க. எங்க ஆளுங்க நடந்து வந்தது நெசமுன்னு மட்டும் நான் சொல்லணும். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."

"அவங்க எதுக்கு?"

"அரப்பேரு வாங்குன ஆளு மேடையில உக்காரட்டுமே. அதுல உங்களுக்கு என்னா கொறஞ்சு போகுது?"

என்ன குறைந்துபோகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. பாவம், சூதுவாது தெரியாதவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் இலையை விட்டு எழும்ப முடியாது. ஆனால் நான் கோபப்படவில்லை, சேர். அவளை நான் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

தாய் சுப்பம்மாவைக் கூட்டிவரத் தோட்டத்துக்குப் போனாள். போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு முதல்நாள் காலை, லயத்துச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன அறிவித்தலைப் படமெடுத்து அனுப்பினாள். முழுக்கச் சிங்களம். அவளுக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துத் தெரியாது. அந்த லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. உடனே அழைத்தாள்.

"என்னா போட்டிருக்காங்க, பாத்துச் சொல்லுங்க. எல்லாரும் கேக்குறாங்க."

மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண் சரியலாம், உடனே வெளியேறிப் பாடசாலைக்குப் போங்கள் என்று போட்டிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

"ரோட்டுல மண்ணு விழுந்து கெடக்காம்," என்றேன். "யாரும் வெளிய எறங்க வேணாமாம். வீட்டுக்குள்ளயே இருக்கட்டுமாம்."

"அப்ப நாளைக்குக் கூட்டம்?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ அம்மாவோட இரு."

"சரிங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். அது உண்மை.

அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். கிளம்ப நின்றவர்களும் மூட்டையை இறக்கி வைத்தார்களாம். பிழைத்து வந்தவர்கள் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். அன்று பின்னேரம் மலை சரிந்து லயத்தின்மேல் இறங்கிவிட்டது. எனக்குத் தேவைப்பட்டது அவள் கூட்டத்துக்கு வராமல் இருப்பது மட்டும்தான், சேர். மற்றச் சனங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஹுஸைன் பொய் சொல்லவில்லை. தர்ஷிகாவோடு பேசிப் போனை வைத்ததும் அவருக்குத்தான் எடுத்தேன். பேசுகிறவர்கள் வரிசையில் அவள் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நிமிட மௌனம் வைக்கச் சொன்னேன்.

"யாரு மௌத்தாகின, றொட்னி?" என்று அந்த மனுசன் பதறிப்போய்க் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்நேரம் அவள் தாய்க்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

எழுதுகிறவனுக்கு அடுத்த அத்தியாயம் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும், சேர். அதில் என் தப்பு என்ன இருக்கிறது?