வளைஞ்ச பள்ளம்

— வேர் தடுத்துச்சுன்னு சொல்றதுக்கு, இங்க மரம்னு ஒண்ணு இருக்கணுமே ஃபின்டன்?

— அப்ப தண்ணி. அடியில ஊத்து இருக்கு, டெர்வ்லா அம்மணி. பொக்லைன் பக்கெட் வழுக்கிருச்சு.

— வழுக்கி, நாலு மீட்டர் சுத்திப் போயி, மறுபடியும் நான் போட்ட கோட்டுலயே வந்து நின்னுச்சா? நல்லா வழுக்கியிருக்கு!

— இந்த மேயோ ஜில்லாக்காரன் மிஷினுக்கு இங்க வழி தெரியும்.

— பதினோரு வருஷமா நீங்க பொக்லைன் ஓட்டுறீங்க, நான் பின்னால மண்ணைப் பாத்துக்கிட்டே நடக்கிறேன். ஒரு பள்ளம் கோணினதில்ல. இன்னைக்கு உங்க சொந்த ஊர்ல, அரிவாள் மாதிரி வளைஞ்சு கிடக்கு.

— வளைஞ்சா என்ன இப்ப? பில்டரு இந்த வயல்ல அறுபது வீடு கட்டப்போறான். அதுக்கு முன்னால, பழங்காலத்துத் தடயம் எதுவும் இருக்கான்னு நாம கீறிப் பாக்குறதே வயல்ல பத்துல ஒரு பங்குதான். அதுல ஒரு முழம் கொறைஞ்சா டப்ளின் ஆபீஸ்ல யாருக்கும் தூக்கம் போயிராது.

— சுத்திப் போன எடத்துல என்ன இருக்கு?

— புல்லு.

— ஃபின்டன்.

— ஒரு வெள்ளைக் கல்லு.

— எங்க... ஆமா. இது இந்த மண்ணுல கிடைக்கிற கல்லு இல்லையே. யாரோ கொண்டாந்து வச்சது.

— எங்கப்பா வச்சது. இரு, மிஷினை அணைச்சுட்டு வந்துர்றேன். அந்தச் சத்தத்துல சொல்ற விஷயமில்ல.

— வாங்க. இந்த மேட்டுல உக்காருங்க.

— எனக்கு ஆறு வயசு. தங்கச்சி பொறந்தா, அழவே இல்ல. மூச்சில்லாததுக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஞானஸ்நானம் இல்லாததுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் கிடையாதுன்னுட்டாரு பங்குச் சாமியார். பொழுது சாயுற நேரம், அப்பா அவளை வெண்ணெய்ப் பெட்டியில வச்சு அக்குள்ல இடுக்கிட்டு, மறு கையில இந்தக் கல்லோட நடந்தாரு. மம்பட்டி எங்கிட்ட. திரும்பி வர்றப்ப, யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாரு. விடல. கட்டினவகிட்டகூட.

— பேரு?

— பேரு வைக்கத்தான் சாமியார் வரலையே.

— எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

— சொன்னா தோண்டணும்ப. என் பக்கெட்டா அவ மேல விழணும்? நாப்பத்தெட்டு வருஷமா ஒத்தையில கிடக்குற புள்ள, அம்மணி. கிடக்கட்டும்னுதான் வளைச்சேன்.

— விட்டுட்டுப் போனா என்ன ஆகும் தெரியுமா? என் பள்ளத்துல எதுவும் தெரியலன்னா, 'இந்த மூலையில ஒண்ணுமில்ல'ன்னு நான் எழுதிக் குடுப்பேன். அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்ட வேற மிஷின் வரும். அது பின்னால மண்ணைப் பாத்துக்கிட்டு யாரும் நடக்க மாட்டாங்க.

— ஐயோ... அது எனக்குத் தோணலையே. இப்ப என்ன பண்றது?

— பக்கெட்டே வேணாம். கொத்தனார் வச்சிருக்கிற மாதிரி கைக்கரண்டி போதும். புல்லை மட்டும் உரிச்சுக் கல்லைக் காட்டுவோம். படம் எடுத்து, இந்த மூலைக்கு வேலி போடச் சொல்லி எழுதுறேன். வீடு தள்ளி நிக்கட்டும். அவளைத் தொட மாட்டேன்.

— சத்தியமா?

— எங்கம்மா மேல. முட்டி போடுங்க. மெதுவா... கம்பளி சுருட்டுற மாதிரி.

— முட்டி போடச் சொல்றது சுலபம். எந்திரிக்க வைக்கத்தான் பொக்லைன் வேணும்.

— பேசாம உரிங்க.

— இந்தா இருக்கு. எம்புட்டுச் சின்னது! அன்னைக்கு அப்பா தூக்க முடியாம தூக்குன மாதிரி இருந்துச்சு.

— ஃபின்டன், உங்க முட்டியை நகத்துங்க. அடியில பாருங்க.

— இன்னொரு கல்லா?

— அதுக்கு அந்தப் பக்கமும். வரிசையா போகுது... நாலு, அஞ்சு. உங்கப்பா எத்தனை தடவை வந்தாரு?

— ஒரே தடவைதான். எனக்குப் பின்னால வீட்டுல பொறந்ததே அவ ஒருத்திதான்.

— ஏழு. எட்டு. அந்த ஓரத்துல ஒண்ணு. ஒம்போது, ஃபின்டன். ஒண்ணு உங்கப்பா வச்சது. மத்த எட்டும் மத்த அப்பாங்க வச்சது.

— அம்மணி... அந்தக் காலத்துல எங்க ஊர்ல மொத்தமே ஒம்போது வீடுதான்.