மேல் உதட்டுச் சவரம்

— எழுதி வச்சுக்க மாப்ள. நாளைக்கு உலகம் எதை ஜாஸ்னு கொண்டாடினாலும், அதோட முதுகெலும்பு இந்த ஒனெசிமோட கிட்டார்தான்.

— முதுகெலும்பேதான் மச்சான். அதான் வெளிய தெரியல. பாத்து மழி.

— பாப்டிஸ்ட் பேண்டுன்னு உன் பேர்ல ஆரம்பிச்ச நாள்லேருந்து உன் பின்னாடி உக்காந்து வாசிக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் நியூ ஆர்லியன்ஸ் ஜனங்க காதுல என் கிட்டார் விழுந்துச்சு.

— எப்ப?

— ஏரிக்கரை நடனத்துல மேடையிலேருந்து கீழ விழுந்துச்சே, அன்னிக்கு. இன்னொரு தடவைன்னு ஒருத்தன் கத்தினான். தாடையைத் தூக்கு. நாளைக்கு சிகாகோ ரயில்ல எனக்கு ஜன்னலோரம் போட்டுருக்கியா?

— அதைத்தான் மச்சான் சொல்ல வந்தேன். அங்க ஹாலெல்லாம் பெருசு. கிட்டார் வேண்டாமாம், பாஞ்சோ கேக்கறாங்க. தகரக் கூரைல கல்லு விழற மாதிரி கடைசி வரிசைக்கும் கேக்குமாம். பாஞ்சோ வாசிக்கிற ஃபெலிசியனை உன் இடத்துக்கு வரச் சொல்லிட்டேன்.

— ஓ.

— என்ன மச்சான் பண்ற?

— கத்தி தீட்டறேன்.

— இப்பத்தானே தீட்டின.

— அது கன்னத்துக்கு. இது மேல் உதட்டுக்கு. கார்னெட் ஊதற உதடாச்சே. ஒரு கீறல் விழுந்தாப் போதும், நீ ஊதறதும் யாருக்கும் கேக்காது. என் ஜாதியில சேந்துருவ.

— மச்சான், நான் இன்னும் முடிவே பண்ணல.

— உதட்டை ஆட்டாத.

— உன் தங்கச்சிகூட சொன்னா, எங்கண்ணன் இல்லாம எப்படிப் போவீங்கன்னு.

— அவ நான் உனக்குச் சவரம் பண்ணத்தான் கூட வர்றேன்னு நெனச்சிட்டிருக்கா.

— நான் சொல்றேன் பாரேன். நீ பின்னாடி இருந்தாத்தான் என் ஊதல் நேரா நிக்குது. போன சனிக்கிழமை கடைசியா ஒரு வால்ட்ஸ் வாசிச்சமே, உன் கம்பி ஒவ்வொண்ணும் கோயில் மணியாட்டம் கேட்டுச்சு. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

— போன சனிக்கிழமையா?

— ஆமா. ஃபெலிசியன் வேண்டாம். நீதான் வர்ற. அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழ வை.

— வச்சாச்சு. மூஞ்சியத் துடைச்சுக்க. ஃபெலிசியனையே கூட்டிட்டுப் போ.

— ஏன் மச்சான்? அதான் உன்னையே வரச் சொல்லிட்டேனே.

— இதை மட்டும் எழுதி வச்சுக்காத. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாடியே என் பொண்டாட்டி என் கிட்டார் கம்பியை எல்லாம் கழட்டி ஜன்னல் திரை கட்டிட்டா. கம்பி எங்கன்னு உங்கள்ல ஒருத்தராவது கேப்பீங்கன்னு பாத்தேன். சனிக்கிழமை நான் தடவினது வெறும் கட்டை.