மலிவாகக் கிடைத்த இன்ஜின்

மாலை ஆறரை மணி. நவம்பர் மாதம், கும்மிருட்டு. கென்டக்கி மலைப்பக்கம், ஓடையை ஒட்டிப் போகிற ஒற்றைச் சாலை... பன்னிரண்டு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதையில்லை. என் கூட்டாளி டெல்பர்ட்டின் பெரியப்பா வெர்லினுக்கு நடந்தது.

வெர்லினிடம் அறுபத்தெட்டாம் வருஷத்து போன்டியாக் கார் ஒன்று இருந்தது. சீறிப் பாய்கிற சாதி. ஒரு குளிர்காலம், ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுகிற மருந்தை ஊற்ற மறந்துவிட்டார் மனுஷன். உள்ளே அது உறைந்து இன்ஜினையே பிளந்துவிட்டது. வேறு வாங்கலாம் என்றால் யானை விலை. மூன்று வருஷம் பழைய வண்டிக் கிடங்குகளில் நாயாக அலைந்தார். கடைசியில் ஒரு கிடங்குக்காரர், புதருக்குள் கிடந்த நீளமான கறுப்பு வண்டியைக் காட்டினார்.

"இதுவும் உன் வண்டி கம்பெனிதான். சவ வண்டி. உள்ள எதுவும் தேஞ்சிருக்காது."

"மேல சிவப்பு விளக்கு மாட்டின அடையாளம் இருக்கே?"

"அந்தக் காலத்துல சவம் எடுக்கிறவங்கதானேப்பா ஆம்புலன்ஸும் ஓட்டினாங்க! ரெண்டுக்கும் ஒரே வண்டி. உசுரு இருந்தா பறக்கும். போயிட்டா ஊர்ந்து போகும்."

வெர்லின் பேரம் பேசி, விலையைப் பாதியாக்கி, இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். காரில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

அன்றைக்கு மாலை தம்பி ஹோமருக்கு நெஞ்சுவலி. வெர்லினுக்கென்று இருந்தது அந்த ஒரே தம்பிதான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அவரே தம்பியைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

பெடலை லேசாகத்தான் தொட்டார். எண்பது... தொண்ணூறு... வளைவில்கூட வேகம் குறையவில்லை. காருக்குள் எங்கிருந்தோ ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம் அடித்தது.

"சவ வண்டி இன்ஜின்னு நக்கலடிச்சேனே... வாபஸ் வாங்கிக்கறேண்ணே" என்றார் ஹோமர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாய மூடிட்டு வாடா. இன்னும் பத்து நிமிஷம்தான்."

பாலம் தாண்டியதும்... இன்ஜின் சத்தம் இறங்கியது. இருமவில்லை, திணறவில்லை. தானாகவே தணிந்துகொண்டு வந்தது. அறுபது. நாற்பது. இருபது. வெர்லின் பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தார். இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை. ஸ்பிரிட் வாசம் போய், வாடிய பூவின் வாசம் வந்தது.

"ஏண்ணே மெதுவாப் போற?"

அப்பாடா, பேசுகிறான்! வெர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வலி எப்படிடா இருக்கு?"

"வலியே இல்லண்ணே. சுத்தமா நின்னுடுச்சு."

எதிரே ஒரு லாரி வந்தது. இவர்களைக் கண்டதும் ஓரங்கட்டி நின்றது. அதன் பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. லாரிக்காரர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து நின்றார். சவ ஊர்வலம் கடந்து போனால் அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

ஹோமர் எட்டிப் பார்த்தார். மரியாதையாகத் தன் தொப்பியையும் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பாவம்... யாருண்ணே போயிட்டாங்க?"