எட்டாவது அலாரம்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, சார். முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனி நைட்ரஜன் அறையில் இருந்த, காற்றில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. ஒன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவன் நான். மாதம் தவறாமல் சோதிப்பேன். ஆயுள் முடியும் முன்பே சென்சாரை மாற்றிவிடுவேன். அன்றும் அது சரியான நேரத்தில்தான் அலறியது.

நல்ல காற்றில் அது 20.9 சதவீதம் காட்டும். 19.5-க்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும். உள்ளே இருக்கும் பட்டனை அழுத்தும்வரை ஓயாது. நைட்ரஜனுக்கு நிறமில்லை, வாசனையில்லை; கசிந்தால் ஆக்சிஜனை விரட்டிவிடும், உள்ளே போனவர் மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாமல் விழுந்துவிடுவார். அதனால் அலாரம் அடித்தால் யாரும் உள்ளே போகக் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும். அதுதான் விதி.

அந்த அறைக்குப் பொறுப்பு என் அக்காவின் கணவர். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். தங்கமான மனிதர். அக்காவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. எனக்கு வேறு யாரும் இல்லை.

போன வருடம் ஒருநாள் சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: "மாப்ளே, வேற ஊர்க் கிளைக்கு மாத்தல் கேட்டிருக்கேன். கெடைச்சா கெளம்பிடுவோம். நீயும் ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ. எத்தன நாளைக்கு அக்கா முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரிவே?"

அக்கா சிரித்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வாரம் முதல் அலாரம் அடித்தது. சென்சார் மீது விடாமல் மூச்சு விட்டால் போதும், எண் இறங்கிவிடும். அத்தான் முகம் வெளுத்து ஓடி வந்தார். நான் போய்ச் சோதித்துவிட்டு, "சென்சார் சண்டித்தனம் பண்ணுது அத்தான். காத்து நல்லாத்தான் இருக்கு" என்றேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை அவர் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். ஐந்தாவது தடவை ஃபோனில் கேட்டதோடு சரி. ஏழாவது தடவை அவரே உள்ளே போய்ப் பட்டனை அழுத்திவிட்டு வந்தார்.

"ஒம்மிஷினு சரியான அழுமூஞ்சி மாப்ளே" என்று என் தோளில் தட்டினார்.

இப்படிச் செய்யாதீர்கள் என்று நான்கு பேர் முன்னால் அவரை எச்சரித்தேன். அவர்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாற்றல் உத்தரவு செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு நைட்ரஜன் குழாய் இணைப்பின் நட்டைத் தளர்த்தியவன் நான். காற்றோட்ட விசிறியை நிறுத்தியவனும் நான். பிறகு வெளியே வந்து, கதவுக் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது. அத்தான் ஏதோ கோப்புகளில் மூழ்கியிருந்தார்; சாவகாசமாகத்தான் வந்தார். அதற்குள் எண் ஆறுக்கு வந்துவிட்டது.

"மறுபடியும் ஆரம்பிச்சிருச்சா?"

"அழுமூஞ்சிதானே அத்தான்" என்றேன்.

எண்ணைக்கூடப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனார். பட்டனுக்கு இரண்டடி முன்பே முழங்கால் மடங்கிச் சரிந்தார். நான் உள்ளே போகவில்லை. விதி அப்படி.

புகார் எழுதிக் கொடுத்ததே அக்காதான் என்கிறீர்கள். இருக்கலாம். பதினோரு நாளாக அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் அப்படி இருக்கிறாள், சார்.